காய்ச்சலும் அபினும்: ஏலமலைச் சரிவுகளை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மேலேறும் ஏலமலைத் தொடர், மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஞ்சப்பட்ட நிலமாகும். இத்தொடரின் தென்பகுதியில் 1887 முதல் 1895 வரை நடைபெற்ற பெரியாறு அணைப்பணியில் தொழிலாளர் பலர் காய்ச்சலால் மாண்டனர். அப்பணியின் இறுதி ஆண்டுகளில்தான் (1893–1895) அபின் குறித்த அரச ஆணையம் இந்தியாவில் விசாரணை நடத்தியது. காய்ச்சல் நிலங்களில் அபின் உண்ணப்பட்டதற்கு அவ்வாணையத்தின் முன் கூறப்பட்ட காரணத்தை, மூளை ஏற்பிகள் பற்றிய பிற்கால அறிவின் துணைகொண்டு மறுவாசிப்புச் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணையத்தின் பார்வை

பிராசி பிரபு தலைமையிலான ஆணையத்தின் முன், அபின் மலேரியாவுக்குக் காப்பாகும் எனச் சாட்சிகள் பலர் கூறினர். இந்தியாவில் அபின் பெரும்பாலும் மிதமாகவே உண்ணப்படுகிறது, தடை தேவையில்லை என்பது பெரும்பான்மையோர் முடிவு. ஹென்றி வில்சன் மட்டும் மாறுபட்டார். பழக்கம், ஒழுக்கம், வருவாய் ஆகியவற்றைச் சுற்றியே விவாதம் நிகழ்ந்தது. உடலுக்குள் நிகழ்வதை அறியும் வழி அன்று இல்லை. கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் கண்டதே 1897இல்தான்.

ஏற்பிகள் தரும் விளக்கம்

மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பதைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973இல் நிறுவினர். எரிக் சைமன், லார்ஸ் டெரேனியஸ் ஆகியோரின் குழுக்களும் அதே ஆண்டில் தனித்தனியே இம்முடிவை எட்டின. அபினிலுள்ள மார்ஃபின், மியூ ஏற்பியில் பொருந்தி, நரம்பணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. உருவாவதைக் குறைக்கிறது. அபின் நாள்தோறும் கிடைக்கும்போது, அக்குறையை ஈடுசெய்ய அணு தன் உற்பத்தித் திறனைக் கூட்டிக்கொள்கிறது. அபின் நின்றதும், கூடிய அத்திறன் தடையின்றி வெளிப்படுகிறது. மூளைத்தண்டிலுள்ள லோகஸ் சிருலியஸ் பகுதியின் நரம்பணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டு நார்அட்ரினலினைப் பெருக்குகின்றன. குளிர்நடுக்கம், மயிர்க்கூச்சம், வியர்வை, உடல்வலி முதலியன தோன்றுகின்றன.

இவ்வறிகுறிகளுட் பல மலைக்காய்ச்சலை ஒத்தவை. அபினை நிறுத்தியவர், நடுக்கம் கண்டதும் காய்ச்சல் மீண்டதென எண்ணக்கூடும். மீண்டும் உண்டதும் நடுக்கம் நீங்கும். அபினே காய்ச்சலை வென்றது என்னும் நம்பிக்கை வலுப்பெறும். ஆணையம் கேட்ட சாட்சியங்களுள் ஒரு பகுதி இத்தகைய அனுபவத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

முடிவுரை

உடல்சார்ந்த சார்புநிலை ஒழுக்கக்கேடு அன்று, அணுக்களின் தகவமைவு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நுகர்வைத் தண்டித்தாலும், தாமாகச் சிகிச்சையை நாடும் அடிமைப்பட்டோர்க்கு 64ஏ பிரிவின்வழி விலக்களிக்க இடந்தருகிறது. அவ்விலக்கின் நியாயத்தை ஏற்பிகளின் அறிவியல் உறுதிப்படுத்துகிறது. ஏலமலை போன்ற காய்ச்சல் நிலங்களின் உழைப்பாளர் வரலாற்றை எழுதுவோர், ஆவணங்களில் 'பழக்கம்' எனப் பதிவானதை உடலின் சாட்சியமாகவும் வாசித்தல் வேண்டும்.