சுருங்குதுளைக் கூட்டறிகுறி

சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை அறிய மருத்துவர்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது கிரியேட்டினின் அளவையே. 1886-இல் மேக்ஸ் யாஃபே கண்டறிந்த நிறமாற்ற வினை இதற்கு அடிப்படை. தசையில் உண்டாகும் இக்கழிவின் மூலக்கூறு எடை 113 மட்டுமே. வடிகட்டியின் நுண்துளைகள் சற்றுச் சுருங்கினாலும் இவ்வளவு சிறிய பொருள் தடையின்றி வெளியேறிவிடும். சல்லடைக் கண் சிறுத்துவிட்டதை மாவு காட்டாது. ரவையைப் போட்டுச் சலித்தால்தான் தெரியும்.

அந்த ரவையாக அமைந்தது சிஸ்டாட்டின் சி என்னும் புரதம். 1961-இல் மூளைத் தண்டுவட நீரில் இது காணப்பட்டபோது இதன் பணி என்னவென்று தெரியவில்லை. சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர் ஆன்டர்ஸ் க்ரூப், லோஃப்பெர்க்குடன் சேர்ந்து 1982-இல் இதன் 120 அமினோ அமிலங்களின் வரிசையை வெளியிட்டார். எடை ஏறத்தாழ 13,300. வடிகட்டும் திறனுக்கு இது நல்ல அளவுகோல் என்பது 1985-இல் வெளிவந்தது.

இரண்டு அளவுகோல்களும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் சிலரிடம் சிஸ்டாட்டின் காட்டிய திறன், கிரியேட்டினின் காட்டியதில் 60 விழுக்காட்டைக்கூடத் தாண்டவில்லை. 2015-இல் க்ரூப் குழுவினர் இதற்குச் சுருங்குதுளைக் கூட்டறிகுறி எனப் பெயரிட்டனர். இதய மாற்றுவழி அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுள் இந்நிலை உடையோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. சிறுநீரகம் இயல்பாக இருப்பதாகக் கருதப்பட்டோரும் இதற்கு விலக்கல்லர்.

துளை சுருங்குகிறது என்பது இன்னும் கருதுகோளே. தசை மெலிவு, ஸ்டீராய்டு மருந்து, தைராய்டு கோளாறு ஆகியவையும் இவ்வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். கிரியேட்டினினை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இந்நோயாளிகள் நலமானவர்களாகவே பதிவாகின்றனர்.