உருளும் செயற்கைக்கோள்களை நோக்குதல்

கட்டுப்பாட்டை இழந்து குட்டிக்கரணம் அடித்தபடி புவியைச் சுற்றும் செயற்கைக்கோள்களையும் ராக்கெட்டின் மேல்கட்டங்களையும் தரையிலிருந்து கவனித்து, அவற்றின் மினுக்கங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கும் ஆர்வலர் பணி இது. பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும் போதும். இவ்வளவு எளிய கருவிகளால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பொருளின் சுழற்சியை அளக்க முடிவதே இதன் சிறப்பு.

இப்பொருள்களுக்குச் சொந்த ஒளி கிடையாது. தரை இருண்ட பின்னும் உயரத்தில் அவற்றின்மீது வெயில் படுகிறது. உலோகப் பரப்போ சூரியத் தகடோ சரியான கோணத்துக்குத் திரும்பும் கணத்தில் பளிச்சிடும், விலகியதும் மங்கும். உருளை வடிவ ராக்கெட் கட்டம் ஒரு சுற்றில் இருமுறை தன் பக்கவாட்டைக் காட்டுவதால், பெரும்பாலும் இரண்டு மினுக்கங்கள் சேர்ந்ததே ஒரு சுற்று.

1957 அக்டோபர் 4-இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1-ஐக் கண்டதாக மகிழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது 58 செ.மீ. விட்டமுள்ள அந்தக் கோளத்தை அல்ல. உடன் சுற்றிய ராக்கெட்டின் நடுக்கட்டத்தை. அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் 1956-இல் தொடங்கிய மூன்வாட்ச் திட்டம் பொதுமக்களைச் செயற்கைக்கோள் நோக்கலில் இறக்கியது. 1975 வரை நடந்தது. பிற்காலத்தில் மினுக்க அளவீடுகளைத் திரட்டித் தொகுத்ததில் பெல்ஜிய ஆர்வலர்களின் பங்கு பெரிது.

அளக்கும்போது ஒரே இடைவெளியை நம்பக்கூடாது. ஒரு மினுக்கத்தின் உச்சத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அதைப் பூஜ்யமாகக் கொண்டு அடுத்து வருபவற்றை ஒன்று, இரண்டு என எண்ணி, பத்தாவதில் நிறுத்திப் பத்தால் வகுக்க வேண்டும். விரல் தாமதத்தால் நேரும் பிழை அப்போது பத்தில் ஒரு பங்காகக் குறையும். பொருள் வானில் நகர நகரப் பார்வைக் கோணமும் மாறுவதால், கிடைக்கும் காலம் உண்மைச் சுழற்சிக் காலத்திலிருந்து சற்றே வேறுபடும்.

சுழற்சி மாறுவதற்கான காரணங்களே இத்துறையின் சுவையான பகுதி. புவியின் காந்தப்புலத்தில் சுழலும் உலோக உடலில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி வேகத்தைக் குறைக்கின்றன. 1986-இல் ஜப்பான் ஏவிய, 318 கண்ணாடிகள் பதித்த அஜிசாய் கோளம் கட்டுப்பாடு இழந்ததல்ல, வேண்டுமென்றே சுழலவிடப்பட்டது. அதுவும் இவ்வாறே மெல்ல வேகம் இழந்து வருகிறது. 2012 ஏப்ரல் 8-இல் தொடர்பு அறுந்த, 8 டன் எடையுள்ள ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளும் உருளத் தொடங்கியபின் மந்தமடைந்தது. 2006-இல் பணி முடிந்த டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோளின் கதை நேரெதிர்: சூரிய ஒளியின் அழுத்தமே அதை முடுக்கி, சுமார் 11 நொடிக்கு ஒருமுறை சுழலும் நிலைக்குக் கொண்டுவந்தது. ராக்கெட் கட்டங்களில் எஞ்சிய எரிபொருள் கசிந்தாலும் சுழற்சி திடீரென மாறலாம்.

இந்த அளவீடுகளுக்கு இன்று நடைமுறைப் பயனும் உண்டு. விண்குப்பையைப் பிடித்து அகற்ற நினைப்பவர்கள் அது எவ்வளவு வேகமாக உருள்கிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அளந்த காலத்தோடு தேதி, நேரம், நோக்கிய இடம், செயற்கைக்கோளின் பட்டியல் எண் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். இவை இல்லாத அளவீட்டை யாராலும் பயன்படுத்த முடியாது.