அழிந்துவரும் நாட்டுச் செம்மறி வளர்க்க ஆசையா? இனம் தேர்வு முதல் கிடா வாங்குவது வரை... கவனிக்க வேண்டியது என்ன?

ஊரில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கு, வேலியும் போட்டாச்சு, நாலு ஆடு வாங்கி விட்டால் என்ன என்ற எண்ணம் இப்போது பலருக்கும் வருகிறது. "வாங்குறதே வாங்குறோம், அழிந்துவரும் நாட்டு இனமா பார்த்து வாங்குவோமே" என்று நினைப்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பி சந்தையில் பத்து ஆடு பிடித்து வந்தால், நான்கைந்து வருடத்தில் பட்டியில் ஆடு இருக்கும், இனம் இருக்காது. ஏன் அப்படி? எந்த இனத்தை எடுக்கலாம்? எங்கே வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் செம்மறி இனங்கள் எவை?

நாட்டில் உள்ள கால்நடை இனங்களை ஆய்வு செய்து பதிவு செய்வது, ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கும் தேசிய கால்நடை மரபு வளப் பணியகம். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் 10 செம்மறி இனங்கள் இருக்கின்றன. மேச்சேரி, மெட்ராஸ் ரெட், திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், செவ்வாடு, கச்சைகட்டி கருப்பு ஆகியவைதான் அவை.

இவற்றில் சேலம் பக்கத்து மேச்சேரியும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதியின் மெட்ராஸ் ரெட்டும் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல பெயர் இருப்பதால் இவற்றை வளர்ப்பவர்கள் அதிகம். தேடி அலைய வேண்டியிருப்பது கீழக்கரிசல், கச்சைகட்டி, நீலகிரி போன்ற இனங்களுக்குத்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

கீழக்கரிசல்: ராமநாதபுரம், விருதுநகர், மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல் காட்டு ஆடு. உடம்பு அடர்ந்த செம்பழுப்பு. தலை, வயிறு, கால்களில் கருப்பு. பல ஆடுகளுக்குக் கழுத்தில் மணி போலச் சதை தொங்கும். கிடாவுக்குத் தடித்து முறுக்கிய கொம்பு இருக்கும், பெட்டைக்குக் கொம்பு கிடையாது. வளர்ந்த கிடா 30 கிலோவை ஒட்டியும், பெட்டை 22 கிலோவை ஒட்டியும் நிற்கும்.

வேம்பூர்: தூத்துக்குடி மாவட்டம் வேம்பூரின் பெயரைத் தாங்கிய இனம். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் இருப்பதால் 'பொட்டு ஆடு' என்றும் சொல்வார்கள். உயரமான ஆடு. கிடா சுமார் 35 கிலோ, பெட்டை சுமார் 28 கிலோ.

கச்சைகட்டி கருப்பு: மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்தது. கருப்பு நிறம். கிடா முட்டுக்குப் பேர் போன இனம். அதனால் நல்ல கிடாவுக்கு இறைச்சிக் கணக்கில் விலை சொல்ல மாட்டார்கள்.

நீலகிரி: சமவெளி ஆடுகளில் இருந்து முழுக்க வேறு. 19-ம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவானது. மென்மையான ரோமம் தரும். மலைக் குளிருக்குப் பழகிய இந்த ஆட்டைச் சமவெளி வெயிலுக்குக் கொண்டு வருவது அதைக் கஷ்டப்படுத்துவது மட்டும்தான்.

உங்கள் நிலத்துக்கு எது சரி?

'எது அரியது' என்பதற்கு முன்னால் 'என் நிலம் எது' என்று கேட்க வேண்டும். ஒவ்வோர் இனமும் அந்தந்த ஊர் மண்ணுக்கும் மேய்ச்சலுக்கும் பல தலைமுறையாகப் பழகி வந்தது. கரிசல் காட்டில் காய்ந்த புல்லையும் நெற்றையும் மேய்ந்து, நாள் முழுக்க நடந்து பழகிய ஆட்டைத் தண்ணீர் தேங்கும் வயல்வெளியில் விட்டால் குளம்பு அழுகலும் குடற்புழுவும் தட்டைப்புழுவும் வரிசையாக வரும்.

அதனால் முதல் தேர்வு, உங்கள் மாவட்டத்து இனமாகவே இருப்பது நல்லது. விருதுநகர்க்காரருக்குக் கீழக்கரிசலோ வேம்பூரோ, திருநெல்வேலிக்காரருக்குச் செவ்வாடு, மேட்டூர் பக்கம் என்றால் மேச்சேரி. பழக்கமான மேய்ச்சல், பழக்கமான வெயில் என்பதோடு, பக்கத்து ஊரிலேயே அதே இனம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். இது எவ்வளவு பெரிய வசதி என்பது கீழே புரியும்.

இரண்டு ஏக்கரை மட்டும் நம்பி வருஷம் முழுக்க மேய்க்க முடியாது. மானாவாரி நிலமாக இருந்தால் கொழுக்கட்டைப் புல், முயல் மசால். தண்ணீர் வசதி இருந்தால் வேலி மசால், அகத்தி என்று தீவனத்தை ஆறு மாதம் முன்பே விதைத்துவிட்டு அப்புறம் ஆடு பார்க்கப் போகலாம்.

இனங்கள் ஏன் கரைகின்றன?

மேய்ச்சல் நிலம் சுருங்குவது, சீமைக்கருவேலம் பரவுவது, மேய்க்க ஆள் இல்லாதது எல்லாம் காரணம்தான். இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடக்கும் இன்னொன்று, கிடா மாற்றம். சின்ன உடம்பு ஆட்டு மந்தையில், எடை கூடும் என்று உயரமான வேற்றினக் கிடாவை விடுவார்கள்.

கணக்கு எளிதானது. வேற்றினக் கிடாவுக்குப் பிறக்கும் குட்டியில் பழைய இனத்தின் பங்கு பாதி. அந்தப் பெட்டைக் குட்டி வளர்ந்து மறுபடியும் அதே மாதிரி கிடாவோடு சேர்ந்தால் கால் பங்கு. அடுத்த முறை அரைக்கால். ஒரு பெட்டை தன் வாழ்நாளில் சில குட்டிகளைத்தான் தரும். ஒரு கிடாவோ 20 முதல் 25 பெட்டைகளுக்குப் போதும். அதாவது ஒரு வருடத்தில் மந்தையின் அத்தனை குட்டிகளுக்கும் அதுதான் அப்பா. இனத்தைக் காப்பதும் கெடுப்பதும் கிடாதான்.

முதல் கிடாவுக்கு முன், இரண்டாவது கிடா!

புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. இந்த வருடம் பிறந்த பெட்டைக் குட்டிகள் ஒன்றரை வருடத்துக்குள் சினைப் பருவத்துக்கு வந்துவிடும். அப்போதும் அதே கிடா பட்டியில் இருந்தால், அது தன் குட்டிகளோடே சேரும். நெருங்கிய ரத்த உறவில் பிறக்கும் குட்டிகள் எடை குறைந்து, நோய் தாங்காமல், சில நேரம் குறையோடு பிறக்கும். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றியே ஆக வேண்டும்.

மேச்சேரி வளர்ப்பவருக்கு இது பிரச்னை இல்லை. அரிய இனம் வைத்திருப்பவருக்கு இதுதான் பெரிய பிரச்னை. அதே இனத்தில், உறவில்லாத இன்னொரு கிடா உடனே கிடைக்காது. கிடைக்காதபோது, அவசரத்துக்கு எந்தக் கிடாவையாவது பிடித்து விடுவார்கள். இனம் போவது அந்த நாளில்தான்.

இதற்கு வழி உண்டு. அதே இனம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, கிடாவைச் சுற்று முறையில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டைகளை ஒரு மந்தையிலும், கிடாவை உறவில்லாத வேறு மந்தையிலும் வாங்குவது முதல் படி. எந்தக் குட்டிக்கு எது தாய், எது கிடா, எப்போது பிறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் குழப்பமே வராது.

எங்கே வாங்குவது?

1. பூர்வீக ஊர் மந்தைகள்: இதுதான் சிறந்த வழி. கோடையில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருக்கும் கீதாரிகளிடம் நேரில் போய்ப் பேசலாம். மொத்த மந்தையையும் பார்க்கலாம், தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரே மந்தையில் பல நிறம், பல உயரம் தெரிந்தால் கலப்பு நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

2. பல்கலைக்கழக நிலையங்கள்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் பொட்டனேரியில் மேச்சேரி இனத்துக்கும், நீலகிரி சாண்டிநல்லாவில் நீலகிரி இனத்துக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் மெட்ராஸ் ரெட் பராமரிக்கப்படுகிறது. கேட்டவுடன் ஆடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்; இருப்பை விசாரித்துக் காத்திருக்க வேண்டி வரலாம்.

3. கால்நடை பராமரிப்புத் துறை: மாவட்டத்தில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலோ, உள்ளூர் கால்நடை மருந்தகத்திலோ கேட்டால் எந்த ஊரில் எந்த இனம் இருக்கிறது என்ற தகவல் கிடைக்கும்.

4. சந்தை: சனிக்கிழமை கூடும் எட்டயபுரம் சந்தை போன்றவை விலை தெரிந்துகொள்ள அருமையான இடம். இனப்பெருக்கத்துக்கு வாங்க அது கடைசி வழி. பல ஊர் ஆடு ஒன்றாக நிற்கும் இடத்தில் இனத்துக்கும் உத்தரவாதம் இல்லை, நோய்க்கும் உத்தரவாதம் இல்லை.

வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்?

பல்: பால் பல் மட்டும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள். இரண்டு பல் என்றால் ஒன்றரை வயதை ஒட்டி, நான்கு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. இரண்டு முதல் நான்கு பல் உள்ள பெட்டைகள் வாங்க ஏற்றவை.

கண்: கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்கணும். வெளிறியிருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்திருக்கலாம்.

மடியும் விதையும்: மடியில் கட்டி இருக்கக் கூடாது, இரண்டு காம்பும் சரியாக இருக்கணும். கிடாவுக்கு இரண்டு விதையும் ஒரே அளவில் இறங்கியிருக்கணும்.

நடை: நொண்டல், மூக்கு ஒழுகல், பின்பக்கம் கழிச்சல் ஒட்டியிருப்பது ஆகியவை தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபிறகு?

புது ஆடுகளைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசி பற்றி கால்நடை மருத்துவரிடம் கேட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசையாக வாங்கி வந்த ஆட்டுக்கு முதல் நாளே தவிடும் தானியமும் அள்ளிப் போடுவது ஆபத்து. காய்ந்த மேய்ச்சலுக்குப் பழகிய வயிறு அதைத் தாங்காது. திடீர் தீவன மாற்றமும், மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லும் துள்ளுமாரிக்கு வழிவிடும். இந்த நோயில் நேற்று நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். எனவே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

லாபம் வருமா?

செம்மறியின் சினைக்காலம் சுமார் 5 மாதம். நம் ஊர் இனங்கள் பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். எனவே பத்துப் பெட்டையில் பெரிய பணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்க மானியமும் 100 பெட்டை, 5 கிடா என்ற அளவில்தான் ஆரம்பிக்கிறது. சிறிய பட்டிக்கு அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. கிடாக் குட்டி விற்பனை, நிலத்துக்கு ஆட்டு எரு, குறைந்த மருந்துச் செலவு ஆகியவைதான் சிறு விவசாயிக்கு வரும் நிச்சயமான பலன்.

அரிய இனம் வளர்ப்பவருக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. பத்து வருடம் இனம் கெடாமல் வைத்திருந்தால், அதே இனத்தைத் தேடும் அடுத்தவர் கிடாவுக்கு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். அதற்கு, இன்று ஆடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும்: இரண்டு வருடம் கழித்து மாற்றுக் கிடா யாரிடம் இருந்து வரும்? பதில் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம். தெரியவில்லை என்றால், முதலில் அந்த ஆளைத் தேடுங்கள், ஆடு அப்புறம்.