பன்றிக்குப் போன பாலும் அமெரிக்கர்களின் பழக்கிண்ணமும்



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் குடும்பக் குழுவில் அடிக்கடி ஒரு படம் போடுகிறார்கள். கிண்ணத்தில் வெள்ளையாக, உதிரி உதிரியாக ஏதோ இருக்கிறது. அதன்மேல் அன்னாசியோ பீச் பழமோ நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். "அடுப்பே பற்றவைக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாடு" என்று பெருமை வேறு. இங்குள்ள பெரியவர்களோ "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச எனக்குத் தெரிந்தது வரலாறு ஒன்றுதான். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வெள்ளைப் பொருளின் பெயர் காட்டேஜ் சீஸ். நம் ஊர்ப் பனீர் பொட்டலங்களிலும் சில சமயம் இந்தப் பெயரைப் போடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, வடித்து, அழுத்தினால் பனீர். காட்டேஜ் சீஸுக்குக் கொழுப்பு நீக்கிய பாலை, தயிருக்கு உறை ஊற்றுவது போல நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவிட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததைச் சிறு சிறு துண்டாக வெட்டி, மெல்லச் சூடாக்கி, நீரை வடித்து, குளிர்ந்த நீரில் அலசுவார்கள். கடைசியில் கொஞ்சம் பாலேடு கலப்பார்கள். அழுத்துவது கிடையாது. அதனால்தான் உதிரியாக இருக்கிறது.

'கொழுப்பு நீக்கிய பால்' என்றேன் அல்லவா, வரலாறு அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பொருளைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அது ஏன் அந்த நேரத்தில் பரவியது? அதனால் யாருக்கு ஆதாயம்?

அந்தக் காலப் பண்ணைகளில் பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி வைத்து, மேலே திரளும் ஏட்டைக் கையால் எடுத்து வெண்ணெய் செய்வார்கள். மிஞ்சிய பாலை வீட்டுப் பெண்கள் புளிக்கவைத்துக் கட்டியாக்குவார்கள். குடிசைவீட்டுச் சீஸ் என்ற பொருள் தரும் பெயர் அதற்குப் பொருத்தம்தான். 1878-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல் பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பால் வேகமாகச் சுழலும்போது கனமான பகுதி வெளிப்புறம் ஒதுங்கும், லேசான ஏடு நடுவில் திரளும். வெண்ணெய்த் தொழில் பெரிய தொழிலானது. வெண்ணெய்க்கு விலை இருந்தது. ஏடெடுத்த பாலைக் கேட்பாரில்லை. பெரும்பகுதி பன்றிக்கும் கன்றுக்கும் போனது. மீதி வீணானது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படைவீரர்களுக்கும் ஐரோப்பியக் கூட்டாளிகளுக்கும் இறைச்சியும் கோதுமையும் கப்பலில் போக வேண்டும். உணவு நிர்வாகத்தின் பொறுப்பு, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவரிடம் வந்தது. இறைச்சியில்லாத நாள், கோதுமையில்லாத நாள் என்று மக்களாகவே கடைப்பிடிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அந்நாட்டு வேளாண்மைத் துறைக்குப் பன்றிக்குப் போகும் பால் கண்ணில் பட்டது. காட்டேஜ் சீஸ் அதிகம் சாப்பிடுங்கள், இறைச்சி குறைவாகத் தேவைப்படும் என்று சுவரொட்டி அடித்தார்கள். ஓர் அஞ்சலட்டை போட்டால் செய்முறை வீடு தேடி வரும் என்றார்கள்.

அந்தப் பிரசாரத்தில் ஒரு கணக்கும் இருந்தது. ஒரு பவுண்டு காட்டேஜ் சீஸில் இருக்கும் புரதம், ஒரு பவுண்டு ஆடு, மாடு, பன்றி, கோழி இறைச்சியில் இருப்பதைவிட அதிகம் என்றார்கள். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் எடைபோட்டது கடையில் வாங்கும் எலும்போடு கூடிய இறைச்சியை. அன்றைய காட்டேஜ் சீஸும் இன்றுபோல் பாலேடு கலந்து நெகிழ்ந்தது அல்ல, வறண்டு கெட்டியானது. இன்றைய காட்டேஜ் சீஸ் 100 கிராமில் சுமார் 11 கிராம் புரதம் இருக்கிறது. எலும்பில்லாத கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல். ஆக, இறைச்சியை மிஞ்சுகிறது என்பது இன்றைக்குப் பொருந்தாது. மலிவான, நல்ல புரதம் என்பது அன்றும் இன்றும் உண்மை.

பழம் எப்படிச் சேர்ந்தது? ஹவாய்த் தீவுகளை 1898-இல் அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. 1901-இல் ஜேம்ஸ் டோல் அங்கே அன்னாசி நிறுவனம் தொடங்கினார். 1911-இல் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி ஜினாக்கா, அன்னாசியைத் தோல் சீவி நடுத்தண்டை நீக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். டப்பாவில் அடைத்த அன்னாசி வளையங்கள் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டின. பிறகு குளிர்பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு கையில் டப்பா, மறு கையில் சீஸ். அடுப்புக்கு வேலையில்லை. உடல் மெலிய விரும்புகிறவர்களுக்கென்று உணவகங்களில் தனித் தட்டே வந்தது. இறைச்சி வடை ஒன்று, காட்டேஜ் சீஸ் ஒரு கரண்டி, பீச் பழத்தில் பாதி.

அது எவ்வளவு சாதாரண உணவாகிவிட்டது என்பதற்கு ஒரு சான்று. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகப்போவதாக நாட்டுக்கு அறிவித்த நாள் 1974 ஆகஸ்ட் 8. அன்று வெள்ளை மாளிகையில் அவருக்கு வந்த மதிய உணவு, அன்னாசித் துண்டுகளும் காட்டேஜ் சீஸும் ஒரு தம்ளர் பாலும். வெள்ளித் தட்டில் இருந்த அந்த உணவின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கு மேல், காட்டேஜ் சீஸ் சாப்பிட்டார். பிறகு இனிப்புத் தயிர்க் கோப்பைகள் சந்தையைப் பிடித்தன. அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. 2023 வாக்கில் டிக்டாக் காணொளிகள் அதை மறுபடி தூக்கிவிட்டன.

இப்போது இரண்டாவது கேள்வி. யாருக்கு ஆதாயம்? பால் தொழிலுக்கு ஆதாயம், அரசுக்கு ஆதாயம், டப்பாக்காரருக்கு ஆதாயம். அதனால் அது மோசமான உணவாகிவிடுமா? இல்லை. சொல்பவருக்கு லாபம் இருந்தால் பொய் என்று ஒதுக்குவதும், அரசாங்கமே சொன்னது என்று அப்படியே விழுங்குவதும், இரண்டுமே யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வழி. அந்தச் சுவரொட்டியில் உண்மையும் இருந்தது, மிகைப்படுத்தலும் இருந்தது. பிரித்துப் பார்ப்பதுதான் படிப்பு. தினமும் நம் கைப்பேசிக்கு வரும் உணவுச் செய்திகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வயதுக்காரர்களில் பலர் இன்று வீட்டில் தனியாக இருக்கிறோம். ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைப்பானேன் என்று, இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் காபியுமாக இரவை ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வயதாக ஆகத் தசை கரையும். புரதம் குறைந்தால் இன்னும் வேகமாகக் கரையும். நாற்காலியிலிருந்து எழுவதற்கே கை ஊன்ற வேண்டிவரும். "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று நாம் கேலி செய்யும் கிண்ணம் அந்தப் பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல்.

காட்டேஜ் சீஸைத் தேடி அலைய வேண்டாம். புளிக்காத தயிரைச் சுத்தமான துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரத்தோடு இரவு முழுவதும் குளிர்பெட்டியில் விடுங்கள். நீர் வடிந்து கெட்டியாகிவிடும். அதில் ஒரு கிண்ணம் எடுத்து, கொய்யாவோ பப்பாளியோ நறுக்கிப் போட்டு, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவுங்கள். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் பழத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாகில் ஊறிய டப்பாப் பழம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. இன்றிரவு அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசும்போது "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்