ஹைதரலி நட்ட நிழல்

சிதம்பரத்தை அடுத்த பறங்கிப்பேட்டை என்றதும், ஹைதரலி தோற்ற களம் என்பர் சரித்திரம் கற்றோர். உண்மையே. 1781 ஜூலை முதல் நாள், தளபதி அயர் கூட்டின் சிறு படைக்கு முன் அவரது பெரும்படை பின்வாங்கியது. மறு ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

ஆயின், அப்போருக்கு 21 ஆண்டுகள் முன்னரே, 1760இல், பெங்களூரில் லால்பாக் தோட்டத்திற்கு அவர் வித்திட்டிருந்தார். மைந்தர் திப்பு அயல்நாட்டு விதைகளும் கன்றுகளும் தருவித்து அதனை நிறைவாக்கினார். 1799இல் திப்பு ஷஹீதானார். வென்ற ஆங்கிலேயரும் தோட்டத்தை அழித்தாரில்லர். 1889இல் அங்கே கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினர்.

அண்மையில் அங்குச் சென்றோம். 240 ஏக்கர் பரப்பில் எல்லாச் சமயத்தவரும் மரநிழலில் இளைப்பாறக் கண்டோம். ஸதக்கத்துல் ஜாரியா என்னும் நிலைத்த தர்மம் நம் நினைவுக்கு வந்தது. பறங்கிப்பேட்டைத் தோல்வியைக் கற்பிக்கும் நாம், இந்நிழலின் வரலாற்றையும் நம் மக்களுக்குக் கூறுவோமாக!