சட்டம் வளர்த்த சான்றோர்

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையை ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றனர். அத்தொகுப்போ சுருக்கமானது, ஐயங்கள் பல எழுந்தன. தீர்ப்புகளையும் வழக்கங்களையும் ஆராய்ந்து 1951இல் அதற்கு விரிந்த நூல் தந்தவர், பின்னர் நீதியரசராய் விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா. இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் த. நடராசா, 1972இல் வெளியான தம் நூலில் இந்நாட்டு நீதிமுறையின் வரலாற்றை வகுத்துரைத்தார். அப்பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற நீலன் திருச்செல்வம் அரசியலமைப்பின் வழியே இனப்பிணக்குக்குத் தீர்வு தேடினார். 1999 யூலை 29இல் கொழும்பிலே கொலையுண்டார்.

மூவரும் மறைந்தனர். வாதத்திறன் வழக்கோடு மறையும். எழுதிவைத்த ஆய்வோ நிலைக்கும். சீதனக் காணிக்காக நீதிமன்றம் ஏறும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வழக்கிலே இன்றும் தேசவழமை பேசப்படுகின்றது. அதனைத் தெளிந்துரைக்க வல்லாரை உருவாக்குவதே அவர்க்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.