மாதனூரும் பாலாற்றுச் சுற்றுப்புறமும்: கிராம யாத்திரையின் சரித்திரம்

மாதனூர்: தமிழ்நாட்டில் திருப்பத்தூர் மாவட்டம் ஆம்பூர் வட்டத்தில், பாலாற்றின் தென்கரையை ஒட்டி, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர்; ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். தெற்கே ஜவ்வாது மலையும், வடக்கே ஆற்றுக்கு அப்பால் சாத்கர் மலைகளும் சூழ, நடுவே தென்னந்தோப்பும் நெல்வயலும் கரும்புக் கொல்லையும் விரிந்து கிடக்கும் இப்பள்ளத்தாக்கில் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் வழங்குகின்றன. கடற்கரைச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுவோர் அனைவருக்கும் இது இயற்கை வகுத்த வழியாதலின், இவ்வூர்ப்புறத்தைக் கண்டவர் தொகை மிகப் பெரிது. கண்டதை எழுதி வைத்தவர் சிலரே, அவர்களும் பெரும்பாலும் வேறோர் ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தவர்கள். இக்கட்டுரை மாதனூரை மையமாகக் கொண்டு, மேற்கே ஆம்பூர் முதல் கிழக்கே விரிஞ்சிபுரம் வரையுள்ள கிராமப்புறத்தை யாத்திரிகர் கண்ட வரலாற்றைத் தொகுக்கிறது.

பழமை: ஆம்பூரில் கிடைத்த இரண்டு வீரக்கற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தவை, நுளம்பர் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்துப் போரிட்டு மாண்ட வீரர்களை அவை நினைவுகூர்கின்றன. அந்நாளில் இப்பகுதி படுவூர்க் கோட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆம்பூருக்கு அண்மையில் மலையாம்பட்டு என்னும் கிராமத்தை அடுத்த அர்மாமலைக் குகையில், இயற்கைப் பாறைக்குடைவினுள் மண்கல்லால் சுவர் எழுப்பிச் சமண முனிவர் உறைவிடமாக்கியிருக்கிறார்கள். அதன் விதானத்தில் சித்தன்னவாசலை ஒத்த வர்ண ஓவியங்கள் சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளன. அவை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று பலரும், சற்றே பிற்பட்டவையாகலாம் என்று சிலரும் கருதுவர். ராபர்ட் சூவெல் 1882-ஆம் ஆண்டளவில் தம் புராதனச் சின்னங்களின் பட்டியலில் இக்குகையைக் குறித்தார். அதன் பின்னரும் நெடுங்காலம் ஆடு மேய்ப்போரைத் தவிர எவரும் அங்கு ஏறிச் சென்றதாகத் தெரியவில்லை.

விரிஞ்சிபுரம்: இவ்வழியில் யாத்திரை என்பதே தெய்வத்தின் பெயரில் பதிந்துள்ள ஸ்தலம் ஒன்று உண்டு. பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்து ஈசனுக்கு மார்க்கபந்து என்றும் வழித்துணைநாதர் என்றும் திருநாமம். மிளகு வாணிகன் ஒருவன் கள்வர் பயத்தால் கலங்கி வேண்ட, இறைவனே வழித்துணையாக வந்து காத்தான் என்பது ஸ்தல புராணம். பொதியேற்றிய எருதுகளோடு வணிகர் கூட்டம் கணவாய் ஏறிய பாதையில் அக்கதை தோன்றியதில் வியப்பில்லை. இங்குள்ள லிங்கமூர்த்தி சற்றுச் சாய்ந்த கோலமுடையது. திருவாரூருக்குத் தேரும் திருவிடைமருதூருக்குத் தெருவும் அழகு என்று ஊர்களை வரிசைப்படுத்தும் ஜனங்கள் விரிஞ்சிபுரத்துக்கு அதன் மதிலைச் சொல்வது வழக்கம். கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறன்று, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நீராட நள்ளிரவிலேயே திரளுகிறார்கள்.

இக்கோயிலின் இரண்டு கற்களை வழிப்போக்கர் தவறவிடலாகாது. ஒன்று, வெளிப்பிராகாரத்தில் நிற்கும் நாழிகைக்கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த அக்கல்லின் பள்ளத்தில் ஒரு குச்சியைச் செருகினால், நிழல் விழும் எண்ணே பொழுதைக் காட்டும். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குழந்தைகள் அடையும் ஆனந்தத்தைக் காண்பதற்காகவே அங்குச் சிறிது நேரம் நிற்கலாம். மற்றொன்று, விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்துச் சாசனம். சகம் 1347, அதாவது கி.பி. 1425-26. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர், கன்னடர் தமிழர் தெலுங்கர் லாடர் என்னும் வேற்றுமையின்றி ஒருங்கே கூடி, இனித் தம் குலத்து விவாகங்கள் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும் என்றும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்து மணப்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்றும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். விவாகத்தில் பொன் கைமாறுவதை விலக்க ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சபை ஒன்று கல்லில் வெட்டி வைத்த இவ்வுடன்படிக்கை, தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியிலேயே அச்சேறியது; இப்பள்ளத்தாக்கு உலகுக்கு அளித்த ஆவணங்களுள் இதனினும் மேலானது இல்லை என்றே கூறலாம்.

யுத்த காலம்: பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழியே வந்தவை பெரும்பாலும் சேனைகளே. 1749 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் யானை மீதிருந்தபடியே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 107 என்பது வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மின் கூற்று, ஏறத்தாழ 77 என்று கணக்கிடுவோரும் உளர். 1767-இல் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1791-இல் கார்ன்வாலிஸ் பிரபு ஆம்பூரை நோக்கிப் படையை நகர்த்துவதுபோல் போக்குக் காட்டிவிட்டு முக்ளிக் கணவாய் வழியே மைசூருக்குள் புகுந்தார்.

புக்கானனின் நடை: திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டில், புதிதாகக் கைவந்த நாடுகளின் வேளாண்மையையும் கைத்தொழிலையும் கண்டறிந்து வருமாறு வெல்லெஸ்லி பிரபு பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியரை நியமித்தார். அவர் 1800 ஏப்ரல் 23-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் என்று நாளுக்கொரு தங்கலாகப் பாலாற்றைப் பின்பற்றி மேற்கே சென்றார். நாட்குறிப்பு 1807-இல் லண்டனில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. வெற்றி பெற்ற ராஜாங்கத்தின் உத்தியோகஸ்தர் ஆதலால் நிலத்தின் வருவாய் மீதே அவர் கண் அதிகம் படிந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மண்ணின் நிறம், கிணற்றின் ஆழம், பயிரின் பெயர், கிராமத்து வீட்டுச் சுவர் ஆகிய எதையும் அற்பமென்று தள்ளாத அவர் பொறுமையால்தான் அக்கோடையின் பாலாற்று நாடு நமக்கு இன்று கண்கூடாகிறது.

சாலையோரத்துத் தர்மங்களை அவர் வியந்து எழுதியிருக்கிறார். தலைச்சுமையாகவே பண்டம் கொண்டு செல்வோருக்காக நாலடி உயரத்தில் கட்டிய சுவரில், பிறர் கை உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறிய பின் தாமே மீண்டும் தலையிலேற்றிக் கொள்ளலாம் என்பதை அவர் விளக்கும் இடம், நம்மவர் நாள்தோறும் கண்டும் காணாமற்போன சுமைதாங்கியைப் பற்றியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் சுமை தீர வேண்டுமென்று அவள் சுற்றத்தார் சுமைதாங்கி நிறுத்துவது தமிழ்நாட்டு வழக்கம் என்னும் செய்தியும் சேர்ந்தால், அந்த நாலடிச் சுவர் எத்துணைப் பெருந்துயரைத் தாங்கி நின்றது என்பது விளங்கும். வழிப்போக்கர் தங்குவதற்கென அமைந்த சத்திரங்களையும் அவர் விரிவாகக் குறிக்கிறார்.

எனினும் அவர் வர்ணனையில் உயிர்நாடியானது ஆற்று மணலைப் பற்றிய பகுதியே. கோடையில் பாலாறு கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணற்பரப்பாக, நீரோட்டமின்றிக் கிடந்தது. ஆனால் அம்மணலின் கீழே தண்ணீர் வற்றாமல் ஊர்ந்து கொண்டிருந்தது. குடிகள் ஆற்றுப்படுகையில் கால்வாய் வெட்டி அவ்வூற்றைத் திரட்டி, கரையேற்றி, நெல் விளைவித்தார்கள். ஊற்றுக்கால், கசக்கால் என்னும் பெயர்களால் வழங்கும் இவ்வாய்க்கால்களை ஆண்டுதோறும் மணல் நீக்கிச் சீர்செய்வது ஊர்ப்பொது வேலை. வெள்ளம் வந்தால் தூர்ந்துபோகும், மீண்டும் வெட்டுவார்கள். வெட்டும் ஆழத்தையும் நீர் பகிரும் முறையையும் அறிந்த அக்குடிகளின் சாமர்த்தியம் எந்தப் பொறியியல் நூலிலும் ஏறாதது. அதற்குச் சற்று முன்னர், 1789-இல், இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார் தாம் வாழ்ந்த செல்போர்ன் கிராமத்தின் பறவையையும் மரத்தையும் மழையையும் ஒரே இடத்திலிருந்து பல்லாண்டு கவனித்து நூலாக்கி, அச்சிற்றூரை உலகறியச் செய்தார். பாலாற்றுக் கிராமம் எதற்கும் அவ்வாறு உள்ளிருந்து எழுதியவர் வாய்க்கவில்லை. ஓரிரவு தங்கிச் சென்ற அந்நியரின் பக்கங்களே நமக்கு முதலாக அமைந்தன என்பது வருந்தத்தக்கது.

பிற்காலம்: ஆர்தர் காக்ஸ் 1881-இல் தொகுத்த வட ஆர்க்காடு ஜில்லா நூலை ஹெரால்ட் ஸ்டூவர்ட் திருத்தி 1895-இல் வெளியிட்டார். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், சில ஆண்டுகளில் குடியாத்தம், மேல்பட்டி, ஆம்பூர் வழியாக மேற்கே நீண்டது. பாதை குடியாத்தம் பக்கம் எதிர்க்கரையில் சென்றதால் மாதனூர் சாலையூராகவே நின்றுவிட்டது. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் மாண்ட பெருவெள்ளம் நிகழ்ந்தது. 1967-ஐ ஒட்டி, நகரவெளிச்சம் தீண்டாத இருளை நாடி ஜவ்வாது மலைக் காவலூரில் விண்ணோக்கு நிலையம் எழுந்தது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றிய வளையங்கள் 1977-இல் கண்டறியப்பட்டபோது அங்கிருந்தும் அவதானிக்கப்பட்டது.

தோல்: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றி, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளித்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவிக்க அரசு முற்பட்டதும், குரோமிய உப்பு கலந்த முறை எங்கும் பரவியது. கழிவுநீர் மணலுக்குள் இறங்கிற்று. புக்கானன் வியந்த அதே நிலத்தடி ஊற்றே நஞ்சைச் சுமக்கும் வழியாயிற்று; கிணற்று நீர் உவர்த்தது, தென்னை குலை சிறுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. சேதத்தின் எவ்வளவு பங்கு தோல் கழிவுக்குரியது, எவ்வளவு மணல் அள்ளியதற்கும் மேல்நீர் தடைப்பட்டதற்கும் உரியது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் இவ்விஷயத்தைக் கையிலெடுத்துக் கண்காணிப்புக் குழு அமைக்கக் கட்டளையிட்டது.

அண்மைக் காலம்: நெடுஞ்சாலை நான்குவழியாக விரிந்ததால் பயணிகள் முன்னினும் வேகமாக மாதனூரைக் கடக்கிறார்கள். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு நூற்றாண்டு காணாத பெருக்கெடுத்து, வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்தது. மாதனூரை எதிர்க்கரை உள்ளியோடு இணைத்த தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. பள்ளிகொண்டாவுக்குத் தெற்கே இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் புல்லிவட்டத்திலும் முள் நிறைந்த அக்காய் விதை குறைந்து சதைப்பற்று மிகுந்தது. சீரகச்சம்பா அரிசியில் செய்யும் ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வைப்பது இவ்வட்டாரத்து வழக்கமாதலால், கிராமம் பார்க்க வருவோர் சந்தையில் அதனையும் கேட்டு வாங்கலாம்.